வீடியோவை நிறுத்த ஓர் ஆள் வேண்டும்

கனடா, இங்கிலாந்து, நோர்வே, பிரான்ஸ், அவுஸ்திரேலியா என்று பல நாடுகளில் இருந்துகொண்டு வன்னிப் பிள்ளைகளுக்கு இணையவழியாக ஆங்கிலமும் கணிதமும் படிப்பிக்கும் தம்பி தங்கைமாருக்கு,



தமிழில்தான் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இதை அம்மாவோ அப்பாவோ வாசித்துக்காட்ட வேண்டி வரும். வரட்டும். ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் காசு சேர்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் மணிக்கூட்டுப் பிரச்சினை. ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீங்கள் சூமைத் திறந்தால், கோடைகாலத்தில் எங்கள் புளியங்குளத்தில் அப்போது மாலை ஐந்தரை. பிள்ளைகள் முகம் கழுவிக்கொண்டு கொப்பியோடு வந்து இருந்துவிடுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு உங்கள் நாட்டில் நேரத்தை மாற்றுகிறார்கள். அடுத்த சனிக்கிழமை அதே எட்டு மணி இங்கே ஆறரை. இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருள் விழுகிற மாதம் அது. மாரி மழையும் பிடித்திருக்கும். நெடுங்கேணி வீதியால் உள்ளே போகிற பிள்ளைக்கு வழியில் யானை நிற்கலாம். எந்தத் தாய் அனுப்புவாள்? அங்கே உங்கள் திரையில் முகங்கள் குறையும். பிள்ளைகளுக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டது என்று நினைப்பீர்கள். இங்கே நேரம் மாறவில்லை என்பதும், ஏன் வகுப்பு திடீரென்று பிந்தியது என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

லண்டன்காரருக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது இங்கே பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அது பரவாயில்லை. ஆனால் கிழமை நாளில் வேலை முடிந்து வந்து ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இங்கே இரவு பத்தரை. உண்மையில் எங்களுக்கு வாய்த்தவர்கள் மெல்பேர்ன்காரர். அவர்களுடைய இரவு எட்டு மணி எங்களுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வரும் பிற்பகல். அதற்காக எல்லோரையும் மெல்பேர்னுக்குக் குடிபெயரச் சொல்ல முடியாதே.

ஆகவே என் வேண்டுகோள் இது. பாடத்தைச் சின்னச் சின்ன வீடியோவாகப் பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்புங்கள். சூம் நேரத்தைப் பேசுவதற்கென்று வையுங்கள். அந்த வீடியோவை இங்கே பிள்ளைகளோடு இருந்து போட்டுக்காட்டுகிற ஆளை உங்கள் திட்டத்துக்குள் சேருங்கள். முதல் இரண்டையும் பலர் ஒப்புக்கொள்வீர்கள். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் கூட்டத்தில் பேச்சு வேறுபக்கம் போகிறது. அதனால்தான் அதைப் பற்றிக் கூடுதலாக எழுதப்போகிறேன்.

கொரோனாக் காலத்தில் நாங்கள் கண்டதைச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் மூடின. அரசாங்கம் ‘குரு கெதர’ என்று தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் போயின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் இருந்தது. ஆசிரியர்கள் நாங்கள் வட்ஸ்அப் குழு தொடங்கி, கையால் எழுதிய குறிப்புகளைப் படமெடுத்துப் போட்டோம். மலைநாட்டுப் பக்கம் பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறியதை 2021இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் பக்கம் ஏறப் பாறை குறைவு. ஏ9 வீதியில் நின்றால் நல்ல சிக்னல், வீதியை விட்டுக் குளத்துப் பக்கமாக உள்ளே போகப்போக ஒவ்வொரு கோடாகக் குறையும். அதைவிடப் பெரிய தடை, வீட்டில் போன் ஒன்று. அது அப்பாவோடு மேசன் வேலைக்குப் போயிருக்கும். அப்பா ஏழு மணிக்கு வந்த பிறகுதான் பிள்ளையின் பள்ளிக்கூடம் தொடங்கும்.

பிறகு 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் வரை அது நீண்டது. நானும் ஆசிரியத் தொழிலில் இருந்த ஆள், அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. 2022இல் கரண்ட் போய்விட்டது. ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. இந்த மூன்று வருடக் குழப்பத்துக்குள்ளும் பிள்ளைகளிடம் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது, போனுக்குள் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பாடந்தான். ஒரு பிள்ளை ஏ9 கரையில் நின்று இறக்கிக்கொண்டு போனதை, உள்ளே இருந்த நாலு பிள்ளைகள் ஷெயாரிட்டில் வாங்கிக்கொண்டார்கள். டேட்டா இல்லை, சிக்னல் இல்லை, போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தால் போதும். எங்களுக்கு ஏற்ற முறையை எந்தத் திட்டவரைபும் இல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு மணித்தியால சூம் வகுப்புக்கு ஒரு ஜிபி அளவுக்குக்கூட டேட்டா போய்விடும். கூலிவேலை செய்கிற குடும்பத்தில் ரீலோட் காசு எண்ணிப் போடுகிற காசு. ஆறு நிமிட வீடியோவை 240 என்கிற தரத்தில் சேமித்தால் பத்துப் பதினைந்து எம்பிக்குள் அடக்கலாம். அதை வட்ஸ்அப்பில் அனுப்பலாம், மெமரிக் காட்டில் போட்டுக் கொடுக்கலாம், பத்துத் தரம் பார்க்கலாம். நீங்கள் அனுப்புகிற மிகத் தெளிவான, சினிமாப் படம் போன்ற வீடியோவுக்கு இங்கே ஒரு பயனும் இல்லை. படம் மங்கலாக இருந்தால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். சத்தம் மங்கினால் பாடம் போய்விடும். காசு செலவழிக்கிறதென்றால் கமராவில் போடாமல் சட்டையில் குத்துகிற ஒரு சின்ன மைக்கில் போடுங்கள்.

ஆறு நிமிடம் என்ற கணக்கு நான் மனம்போனபடி சொன்னதல்ல. பிலிப் குவோ, ஜூகோ கிம், ரொப் ரூபின் என்ற மூவர், எம்.ஐ.டி., ஹார்வார்ட், பேர்க்லி பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் வழியாக நடத்திய நான்கு பாடங்களை எடுத்து, உலகம் முழுக்க இருந்து மாணவர்கள் வீடியோ பார்த்த 69 இலட்சம் தடவைகளின் பதிவை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் ஒன்றிப் பார்க்கும் நேரம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பறையில் எடுத்த விரிவுரையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது, எவ்வளவு நல்ல கமராவில் எடுத்திருந்தாலும், அவ்வளவாக எடுபடவில்லை. பெரிய ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் இருந்து முகத்தைப் பார்த்துப் பேசியது சில இடங்களில் நன்றாக எடுபட்டது. கையால் எழுதிக்கொண்டே விளங்கப்படுத்துகிற வீடியோவும் அப்படித்தான். இவை எல்லாம் உங்கள் பக்கம் இருக்கிற நல்ல செய்திகள். உங்களிடம் ஸ்டூடியோ இல்லை, மேசையும் கையும் இருக்கின்றன.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: வேகமாக, உற்சாகமாகப் பேசுகிற ஆசிரியரின் வீடியோவை மாணவர் கூடுதலாகப் பார்த்தார்கள். இதை மட்டும் தயவுசெய்து இங்கே பின்பற்றாதீர்கள். அந்தப் பாடங்களுக்கு வந்தவர்கள் பல்கலைக்கழகப் பாடத்தை ஆங்கிலத்தில் பின்தொடரக்கூடியவர்கள். எங்கள் தரம் எட்டுப் பிள்ளைக்கு ஸ்காபரோ ஆங்கிலம் முதல் தரம் காதில் விழும்போது, ஒரு வசனத்தில் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதே பிடிபடாது. உற்சாகம் இருக்கட்டும், வேகத்தைப் பாதியாக்குங்கள்.

திரையில் எழுத்தும் ஓடட்டும், ஆங்கிலத்திலேயே. பேசுவதையே எழுத்தாகவும் காட்டினால் கவனம் சிதறும் என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது தாய்மொழியில் கேட்பவருக்குப் பொருந்துகிற விதி. இரண்டாம் மொழி படிப்பவருக்கு அதே மொழியில் எழுத்து ஓடினால் கேட்டலும் சொல்வளமும் கூடுகின்றன என்று மொழிக்கல்வி ஆய்வுகள் காட்டுகின்றன. காதில் விழுந்த சத்தத்தைக் கண் வந்து துண்டாக்கிக் கொடுக்கிறது. என் வகுப்பிலும் அதைத்தான் கண்டேன்.

உங்களில் பலருக்குத் தமிழில் விளங்கப்படுத்தச் சங்கடம். பாதித் தமிழில் தடக்கித் தடக்கி, பிறகு ‘சொறி, என்ர தமிழ் கூடாது’ என்று வெட்கப்படுகிறீர்கள். வெட்கம் வேண்டாம். தமிழில் விளங்கப்படுத்துகிற வேலையை இங்கே வீடியோவைப் போட்டுக்காட்டுகிற அக்கா செய்வார். நீங்கள் எளிய ஆங்கிலத்தில் மட்டும் பேசினாலே எங்களுக்குப் பெரிய உதவி. தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லித்தருகிற வீடியோ யூரியூப்பில் கொட்டிக் கிடக்கிறது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஓகஸ்டில் தொடங்கியது. அதன் பாடங்களை எங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். ஆனால் அட்சரகணிதம் என்று படித்த பிள்ளை அங்கே இயற்கணிதம் என்று கேட்டுத் திகைக்கும், பாட ஒழுங்கும் வேறு. கணிதம் படிப்பிக்கிறவர்கள் எங்கள் அரசாங்கப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலகு இலக்கம், பக்க இலக்கம் சொல்லித் தொடங்குங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் புத்தகம் இலவசமாகவே இருக்கிறது.

உதாரணங்கள் பற்றி ஒரு சின்ன முறைப்பாடு. வன்னிப் பிள்ளை என்றதும் சிலர் தென்னைமரமும் மாட்டுவண்டியும் கீறிப் பாடம் நடத்துகிறார்கள். இங்கே உழவு லான்ட்மாஸ்டரிலும் ட்ரக்டரிலும், அறுவடை மெசினில். மாட்டுவண்டிலை எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கலைவிழாவில்தான் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு ரிக்ரொக் தெரியும், உங்கள் சுரங்க ரயிலும் தெரியும். உங்கள் வீட்டுக் குசினியைக் காட்டி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதைப் பார்க்க அவர்களுக்கு இருக்கிற ஆவலில் பாடம் தானாக ஏறும்.

சல்மான் கானின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2004இல் பொஸ்ரனில் இருந்துகொண்டு நியூ ஒர்லியன்ஸில் இருந்த ஒன்றுவிட்ட தங்கைக்குத் தொலைபேசியில் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மற்றச் சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர, நேரம் ஒத்துவராமல் 2006இல் பாடத்தை யூரியூப்பில் ஏற்றினார். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அண்ணன் நேரே சொல்வதைவிட யூரியூப்பில் நன்றாக இருக்கிறதாம். எரிச்சல் வரவேண்டிய பேச்சு. ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. வீடியோவை நிறுத்தலாம், பின்னுக்கு இழுக்கலாம், மூன்றாம் வகுப்பில் படித்திருக்க வேண்டியதை ஒன்பதாம் வகுப்பில் இருந்துகொண்டு ஒருவருக்கும் தெரியாமல் பார்க்கலாம். நீங்கள் சூமில் ‘விளங்குதா?’ என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ‘யெஸ் மிஸ்’ என்பார்கள். வெளிநாட்டு அக்கா ஒருவர் நித்திரை முழித்துப் படிப்பிக்கும்போது விளங்கவில்லை என்று சொல்வது மரியாதையில்லை என்பது அவர்கள் எண்ணம். வீடியோவுக்கு அந்த மரியாதை தேவையில்லை.

இனி என் மூன்றாவது வேண்டுகோளுக்கு, வீடியோவோடு நிற்கிற ஆளுக்கு, வருகிறேன்.

பிள்ளைகளிடம் கருவியை மட்டும் கொடுத்துவிட்டால் தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று சுகதா மித்ரா சொல்வார். 1999இல் டெல்லியின் கல்காஜியில் ஒரு மதிலில் துளையிட்டுக் கொம்பியூட்டர் வைத்தவர் அவர். பேச்சு கேட்க இனிமையானது. நான் அதைப் பாதிக்கு மேல் நம்புவதில்லை. ஒரு பிள்ளை கருவியை இயக்கப் பழகிவிடும், சரி. கைபலத்த பெடியன் முன்னுக்கு நிற்பான், சின்னப் பெட்டை பின்னுக்கு நின்று எட்டிப்பார்ப்பாள். அதையும் யாராவது பார்க்க வேண்டாமா? ஆனால் அதே மித்ரா 2009இல் தொடங்கிவைத்த இன்னொரு வேலை எனக்குப் பிடிக்கும். பிரித்தானியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பாட்டிமார் ஸ்கைப்பில் வந்து இந்தியப் பிள்ளைகளோடு கதைத்தார்கள். பாடம் நடத்தவில்லை. கதை வாசித்தார்கள், கேள்வி கேட்டார்கள், ‘அட, இதை எப்படிச் செய்தாய்’ என்று வியந்தார்கள். நேரடித் தொடர்பு அதற்குத்தான் ஏற்றது. உங்கள் சூம் நேரமும் அப்படி ஆகட்டும்.

பாடத்தை வீடியோவுக்கு விட்டால் அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பதை மெக்சிக்கோ 1968இலேயே கண்டுகொண்டது. இடைநிலைப் பள்ளி இல்லாத கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடம் அனுப்பினார்கள், ‘தெலெசெகுந்தாரியா’ என்று பெயர். ஒரு பாடத்துக்கு ஒளிபரப்பு ஏறக்குறைய பதினைந்து நிமிடந்தான். மிச்ச நேரம் முழுவதும் புத்தகமும், அந்த வகுப்பில் நிற்கிற ஓர் ஆசிரியரும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிபுணர் கிராமத்துக்குக் கிடைக்கமாட்டார். எல்லாப் பாடத்துக்கும் பிள்ளைகளோடு நிற்கிற ஒருவர் கிடைப்பார். நிபுணர் திரையில், நிற்கிறவர் வகுப்பில். அரை நூற்றாண்டு கடந்தும் அங்கே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த முறையில் படிக்கிறார்கள். எங்கள் வலயங்களில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் வந்து, கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியா நகரத்துக்கோ மாற்றம் வாங்கிக்கொண்டு போவது புதுக்கதை இல்லை. மெக்சிக்கோக்காரரின் கணக்கு எங்களுக்கும் பொருந்தும்.

இங்கே பின்னேரம் சனசமூக நிலையத்திலோ முன்பள்ளிக் கட்டிடத்திலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்திருக்கும் அக்காவை நீங்கள் திரையின் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். போனைச் சாய்த்து வைப்பவர், ‘மைக்கை ஓஃப் பண்ணுங்கோ’ என்று கத்துபவர். உயர்தரம் வரை படித்தவராக இருப்பார், அல்லது பட்டதாரியாகி வேலை கிடைக்காமல் இருப்பார். வீடியோவை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்றாவது வாங்கில் இருக்கும் பிள்ளையின் முகம் சுருங்குவதை நீங்கள் ரொறன்ரோவில் இருந்து பார்க்க முடியாது. அவர் நிறுத்துவார், தமிழில் ஒரு வசனம் சொல்வார், பின்னுக்கு இழுத்துத் திரும்பப் போடுவார். குளம் நிறையத் தண்ணீர் நின்றாலும் துருசு திறக்க ஆளில்லாவிட்டால் வயல் காயும். இது வன்னியில் விளங்கப்படுத்தத் தேவையில்லாத சங்கதி.

வீட்டில் பெற்றோரே அந்த வேலையைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். இன்று தரம் ஆறு, ஏழில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் பலர் 2008, 2009இல் தாங்களே பள்ளிப் பிள்ளைகள். புளியங்குளத்தில் இருந்து கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்ந்து பெயர்ந்து கடலோரம் வரை போனவர்கள். புத்தகப் பையை எங்கே விட்டோம் என்று நினைவில்லாதவர்கள். சிலர் செட்டிகுளம் முகாமுக்குள் இருந்து பரீட்சை எழுதினார்கள், பலர் எழுதவில்லை. பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அந்தத் தாய் படுகிற சங்கடத்தைப் பார்த்திருக்கிறேன். ‘வீட்டில் பெற்றோர் உதவியோடு செய்யவும்’ என்று உங்கள் பயிற்சித்தாளின் கீழே எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.

ஆகவே, பெரியவர்களே, காசு விஷயம். நீங்கள் ஸ்மார்ட் போர்ட் அனுப்பினீர்கள், டப் அனுப்பினீர்கள். நன்றி. திறப்புவிழாவில் பெயர் பொறித்த கல்லும் வைத்தோம். அந்த ஸ்மார்ட் போர்டை இயக்குகிற அக்காவுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கலாமா என்று கேட்டால் மட்டும், ‘சம்பளம் என்று தொடங்கினால் முடிவில்லை, கருவி என்றால் ஒருதரத்துடன் முடிந்துவிடும்’ என்கிறீர்கள். கருவி உண்மையிலேயே ஒருதரத்துடன் முடிந்துவிடுகிறது. மழைக்கு ஒழுகிய கட்டிடத்தில், சார்ஜர் தொலைந்து, இரண்டு வருடத்தில் முடிந்ததைப் பார்த்துவிட்டோம். ஆளுக்குக் கொடுக்கும் காசில் பெயர்க்கல் வைக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். லண்டனில் ஒரு குடும்பம் ஓர் இரவு வெளியே சாப்பிடுகிற காசு அந்த அக்காவுக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு பெரிய பங்காகும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். அவர் கடையில் வேலைக்குப் போய்விட்டால் உங்கள் வீடியோ எல்லாம் வட்ஸ்அப் குழுவில் திறக்கப்படாமலே கிடக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். பிள்ளைகளின் முகத்தை யூரியூப்பில் போடாதீர்கள். வகுப்பு நடக்கிறது என்பதற்குச் சான்றாக, காசு கொடுத்தவருக்குக் காட்ட, சீருடையோடும் பெயரோடும் ஊரோடும் படம் போடுகிறார்கள். அதைவிட மோசம், அப்பா இல்லாத பிள்ளையை எழுப்பி நிறுத்தி ‘உங்கட கதையைச் சொல்லுங்கோ’ என்று ஆங்கிலத்தில் சொல்லவைத்துப் பதிவெடுப்பது. அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் கோவையாகப் பேசும் முதல் பந்தி தன் வீட்டு இழவைப் பற்றியதாக இருக்க வேண்டுமா? அது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. உங்கள் பாடம் உலகத்துக்குப் பொதுவாக இருக்கட்டும், பிள்ளைகளின் முகமும் குரலும் குழுவுக்குள்ளேயே நிற்கட்டும். யூரியூப்பில் இணைப்புத் தெரிந்தவர் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கிற வசதி இருக்கிறது.

பிள்ளைகள் எப்போது பேசுவது என்ற கேள்வி இருக்கிறதே. சூம் வாராவாரம் ஒத்துவராவிட்டால் குரல் பதிவு போதும். வீடியோவின் கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்று மழை பெய்தபோது நீ எங்கே நின்றாய், அதுபோல. பிள்ளை அப்பாவின் போனில் அரை நிமிடம் பேசி அனுப்பும். அதற்கு முன் கட்டிலுக்கடியில் இருந்து பத்துத் தரம் பேசிப் பார்த்து அழித்திருக்கும். அந்தப் பத்துத் தரமுந்தான் உண்மையான பயிற்சி. நீங்கள் பஸ்ஸில் போகும்போது கேட்டுவிட்டுப் பிள்ளையின் பெயர் சொல்லிப் பதில் போடுங்கள். பெயர் சொல்வது முக்கியம். எல்லோருக்கும் பொதுவாக ‘குட் ஜொப்’ என்று ஒரு கைப்படம் போடுவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தக் குரல் பதிவுகளுக்கு உங்கள் பக்கத்திலும் ஒரு பயன் இருக்கிறது. கடல்கடந்த பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2001இலேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். உங்கள் நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே படிக்கிற உங்கள் தம்பி தங்கைக்குப் புத்தகத் தமிழ் ஓரளவு வரும், பேசத்தான் வாய் வராது. எங்கள் பிள்ளை தமிழில் ஒரு நிமிடம் பேசி அனுப்பட்டும்: குளத்தில் வான் பாயும்போது என்ன நடக்கும், ஸ்டேஷனில் ரயில் நின்றால் என்ன விற்பார்கள். உங்கள் தங்கை கேட்டுவிட்டுத் தமிழில் பதில் அனுப்பட்டும், பிழையோடு அனுப்பட்டும். எங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் பிழை விடுகிறது, உங்கள் பிள்ளை தமிழில் பிழை விடுகிறது; இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கலாம். எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தால் வாங்குகிற பிள்ளைக்கு மெல்ல மெல்லக் கூச்சம் வந்துவிடும். வன்னிப் பிள்ளைகளுக்கு ரோசம் கொஞ்சம் கூட.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சனிக்கிழமைச் சூம் நடக்கட்டும். வரும் தவணை தொடங்க முன் ஒரேயொரு அலகை எடுத்துப் பார்ப்போம். தரம் ஒன்பது ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் விழுகிறார்கள், அதை எடுக்கலாம். ஆறு நிமிடத்துக்குள் மூன்று வீடியோ, மெதுவான பேச்சு, கீழே ஆங்கில எழுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி. இரண்டு இடத்தில் ‘இப்போது நிறுத்துங்கள்’ என்று நீங்களே சொல்லி, அக்காவுக்கென்று சில நொடி வெறுமையாக விடுங்கள். வீடியோவோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் அவருக்கு வேண்டும்: எந்தப் பக்கம், எந்தப் பயிற்சி, பிள்ளைகள் எங்கே தடுமாறக்கூடும். முதல் வீடியோவை எடுத்ததும் முழுவதையும் செய்து முடிக்காமல் அதை மட்டும் அனுப்பிவையுங்கள். உள்ளுக்கு இருக்கிற ஒரு வீட்டில், பழைய போனில், மழைச் சத்தத்துக்குள் போட்டுக் கேட்டுவிட்டு, எந்தச் சொல் காதில் விழவில்லை என்று எழுதி அனுப்புகிறோம். மிச்சத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

அன்புடன்,
புளியங்குளத்திலிருந்து,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்